ஜெராக்ஸ் மெஷினிடம் திணறிய மேதைகள்... பச்சை பட்டனின் மறுபக்கம்!

நம் ஊரில் நகல் எடுக்கும் கடைக்கு ஒரே பெயர்தான், ஜெராக்ஸ் கடை. உள்ளே இருக்கும் மெஷின் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும், போர்டில் இருப்பது அந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர். தான் தயாரித்த மெஷினால் அந்த நிறுவனமே தலையைப் பிய்த்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு.

1980-களின் தொடக்கத்தில் ‘8200’ என்ற புதிய நகல் மெஷினை ஜெராக்ஸ் கொண்டுவந்தது. ஏகப்பட்ட வசதிகள். ‘பெரிய பச்சை பட்டனை அழுத்துங்கள், போதும்’ என்கிற தோரணையில் விளம்பரம். வாங்கியவர்களோ, இதை இயக்குவது பெரும்பாடாக இருக்கிறது என்று புகார் சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸின் ஆராய்ச்சி மையமான ‘பார்க்’ இருந்தது. மவுஸுடன் இயங்கும் ‘ஆல்டோ’ கணினியை 1973-லேயே உருவாக்கிய இடம். கணினி விஞ்ஞானிகளும் உளவியலாளர்களும் நிறைந்த அந்த மையத்தில், லூசி சச்மன் என்ற மானுடவியல் ஆய்வு மாணவியும் இருந்தார். மானுடவியல் என்றால், எங்கோ ஒரு தீவுக்குப் போய் மக்களோடு தங்கிக் குறிப்பெடுப்பது என்றுதானே நினைப்போம்? சச்மன் போய் நின்றது நகல் மெஷின் பக்கத்தில்!

மெஷினுக்குப் பழக்கமில்லாதவர்களை இருவர் இருவராக அழைத்து, நகல் எடுக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். தனி ஆள் என்றால் மனதுக்குள்ளேயே யோசிப்பார். இருவர் என்றால் பேசித்தானே ஆக வேண்டும்!

அப்படி மாட்டியவர்களில் ஒரு ஜோடி, ஆலன் நியூவெல்லும் ரான் கப்லானும். கப்லான், கணினி மொழியியல் நிபுணர். நியூவெல், செயற்கை நுண்ணறிவின் முன்னோடி, 1975-ல் டூரிங் விருது பெற்றவர். 1983-ல் வெளியான, மனிதர்கள் கணினியைப் பயன்படுத்தும் விதம் பற்றிய உளவியல் நூலின் ஆசிரியர்களில் ஒருவரும்கூட. இந்த இருவரும்தான் ‘ஃப்ரன்ட் அண்ட் பேக்’ நகல் எடுக்கத் தெரியாமல் திணறினார்கள். ‘பயன்படுத்துகிறவருக்கு விவரம் போதாது’ என்று இனி யார் சொல்ல முடியும்?

படிப்படியாக வழி சொல்லும் கணினி ஒன்றையும் பிறகு மெஷினோடு இணைத்தார்கள். அதையும் சச்மன் விடவில்லை. வீடியோவில் நடந்ததை நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார். மனிதர்கள் செய்ததில் மெஷினுக்குத் தெரியாதவை, தெரிந்தவை, மெஷின் அவர்களுக்குக் காட்டியவை, அதற்குப் பின்னால் வடிவமைப்பாளர் போட்ட கணக்கு.

முதல் பத்தியில்தான் விஷயமே இருந்தது. குழம்பியது, விவாதித்தது, தப்பு எங்கே என்று தேடியது எல்லாம் அங்கே. மூடியைத் திறந்தது, பட்டனை அழுத்தியது போன்ற சில அசைவுகள் மட்டுமே மெஷினுக்குப் புரிந்தன. தவற்றைத் திருத்த அவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், புது வேலை வந்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டது.

முழுத் திட்டத்தை மனதில் போட்டு, அதன்படியே மனிதர்கள் இயங்குகிறார்கள் என்பது கணினிக்காரர்களின் நம்பிக்கை. அப்படியல்ல, அந்தந்த நிமிடச் சூழலைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள் என்றார் சச்மன். 1987-ல் இது புத்தகமானது. எதிர்ப்பும் வந்தது. நியூவெல்லின் நெடுநாள் கூட்டாளி ஹெர்பர்ட் சைமன் 1993-ல் மறுப்புக் கட்டுரையே எழுதினார். சச்மன் பதில் எழுதினார். ஒரே மெஷினைப் பற்றி இரண்டு துறைகள் இவ்வளவு தீவிரமாகச் சண்டை போட்டது ஆரோக்கியமான விஷயம்தான்.

இதற்கு நேர்மாறாக, எல்லோரும் தலையாட்டிய இடத்தில் கோளாறானது. ‘மானுடவியலாளர் வந்தார், பச்சை பட்டன் வைக்கச் சொன்னார், பிரச்னை தீர்ந்தது’ என்று ஒரு கதை பரவியது. கேட்க இனிமையான கதை. ஆனால், அந்த பட்டன் அவருடைய ஆய்வுக்கு முன்பே மெஷினில் இருந்தது. புது மெஷினைப் பழகக் கொஞ்சம் உழைப்பு வேண்டும், அதை அந்த பட்டன் மறைக்கிறது என்பதுதான் அவருடைய விமர்சனம். ‘எல்லாம் சுலபமாக இருக்க வேண்டும்’ என்று ஏற்கெனவே நம்பியவர்கள், அவர் சொன்னதையும் அப்படியே கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கதையை மறுத்து சச்மன் பின்னாளில் எழுத வேண்டியிருந்தது.

இன்றைக்கும் பல மெஷின்களில் அந்த பட்டன் பச்சைதான். ஆதார் அட்டையின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க, எதை எப்படித் திருப்பி வைப்பது என்பது மட்டும் கடைக்கார அண்ணனுக்குத்தான் தெரியும்.