படிவத்தில் பெயர் வராதவர்கள்: அமெரிக்கப் படையினருக்கான கல்விக் கொடுப்பனவின் எண்பது ஆண்டுகள்

கொடுப்பனவு ஒன்றுக்காகப் படிவம் நிரப்புவது எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் முத்திரை, மூலப் பத்திரம் இல்லையென்று திரும்பி வந்த கோப்பு, அடுத்த கிழமை வாருங்கள் என்ற பதில். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பெரும்பகுதியை இப்படி வரிசைகளில் கழித்த குடும்பங்கள் வடக்கு கிழக்கில் ஏராளம். தான் கடமைப்பட்டிருப்பதாக ஓர் அரசு ஒப்புக்கொண்ட பணத்தை அது எவ்வாறு கொடுக்கிறது, யாரைக் கொடுக்காமல் விடுகிறது என்பது எங்களுக்கு வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல.

இந்தக் கேள்வியோடு அணுகினால், ஐக்கிய அமெரிக்கா தனது படையினருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் வழங்கும் கல்விக் கொடுப்பனவின் வரலாறு நிறையவே சொல்கிறது. 'ஜி.ஐ. சட்டம்' என்று பரவலாக அழைக்கப்படும் அந்தத் திட்டம் ஒரு வெற்றிக் கதையாகவே உலகெங்கும் சொல்லப்படுகிறது. அந்த வெற்றி பொய்யல்ல. ஆனால் அதன் பயன் யாருக்குக் கிடைத்தது என்பதைச் சட்டத்தின் வாசகங்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை.

தெருவில் தொடங்கிய கதை

முதலாம் உலகப் போரில் பங்கேற்ற அமெரிக்கப் படையினருக்கு 1924 இல் ஒரு சட்டத்தின் மூலம் மேலதிகத் தொகை உறுதியளிக்கப்பட்டது. உள்நாட்டில் சேவையாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் 1 டொலர், வெளிநாட்டில் சேவையாற்றிய நாளுக்கு 1.25 டொலர் என்பது கணக்கு. ஆனால் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது பணம் அல்ல, 1945 இல்தான் முழுமையாக மாற்றக்கூடிய ஒரு பத்திரம். 1929 இல் பொருளாதாரம் சரிந்து வேலையும் வீடும் போனபோது அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதாயிற்று.

1932 இல் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் குடும்பங்களோடு வொஷிங்டனுக்குச் சென்று கூடாரம் அடித்தார்கள். பணத்தை இப்போதே தாருங்கள் என்பதுதான் அவர்களின் ஒரே கோரிக்கை. யூலை 28 அன்று பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் படுகாயமடைந்து உயிரிழந்தனர். அதே நாளில் ஜனாதிபதி ஹூவரின் அரசு இராணுவத்தை இறக்கியது. ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் கொண்டு அவர்கள் விரட்டப்பட்டார்கள். கூடாரங்கள் எரிந்தன. தன் நாட்டுக்காகப் போரிட்டவர்களையே ஓர் அரசு இப்படி நடத்திய காட்சி அமெரிக்க அரசியலில் நீண்டகாலம் மறக்கப்படவில்லை. 1936 இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மறுப்பாணையையும் மீறி, காங்கிரஸ் அந்தப் பணத்தைக் கொடுத்தது.

இரண்டாம் உலகப் போரின் முடிவு நெருங்கியபோது ஏறத்தாழ 16 மில்லியன் பேர் சீருடையைக் கழற்றிவிட்டு வேலை தேடப் போகிறார்கள் என்ற நிலை. இன்னொரு 1932 வேண்டாம் என்ற அச்சமும் நன்றியுணர்வும் சேர்ந்துதான் 1944 யூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தைப் பிறப்பித்தன. அதன் முதல் வரைவை எழுதியவர் ஹரி கோல்மெரி. அவர் முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜனைச் சேர்ந்தவர்.

பெரும் வெற்றி

சட்டம் தாராளமானது. ஆண்டுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணமும் புத்தகச் செலவும் கல்வி நிறுவனத்துக்குச் செலுத்தப்படும். படிக்கும் காலத்தில் தனியாளுக்கு மாதம் 50 டொலர், குடும்பஸ்தருக்கு 75 டொலர் வாழ்க்கைச் செலவுக்கு. அக்காலத்தில் 500 டொலர் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களின் கட்டணத்துக்கே போதுமானதாக இருந்தது. ஹாவர்ட், சிக்காகோ பல்கலைக்கழகங்களின் தலைவர்களே கல்வித் தரம் தாழ்ந்துவிடும் என்று கவலைப்பட்டார்கள். நடந்தது வேறு. வயதில் மூத்த, குடும்பப் பொறுப்புள்ள இந்த மாணவர்கள் வகுப்பில் முன்னணியில் நின்றார்கள்.

1947 இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். 1956 இல் திட்டம் முடிவடைந்தபோது சுமார் 7.8 மில்லியன் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தனர். அவர்களில் சுமார் 2.2 மில்லியன் பேர் கல்லூரிகளுக்குச் சென்றவர்கள். விவசாயியின் மகனும் தொழிலாளியின் மகனும் பொறியியலாளராக, ஆசிரியராக மாறிய தலைமுறை அது.

சமமான சட்டம், சமமற்ற கைகள்

இந்தச் சட்டத்தின் வாசகத்தில் இனம் பற்றிய பாகுபாடு எதுவும் இல்லை. தகுதியுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெருமளவில் உள்ளூர் அலுவலகங்களிடமும் உள்ளூர் வங்கிகளிடமும் அந்தந்த மாநிலக் கல்லூரிகளிடமும் விடப்பட்டது. தென் மாநில அரசியல்வாதிகள் வேண்டுமென்றே வலியுறுத்திப் பெற்ற ஏற்பாடு இது.

விளைவு என்ன? தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சட்டப்படியே சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் சில மட்டுமே. அவற்றில் இடம் இல்லை. பொறியியல் படிக்க விரும்பியவரை வேலைவாய்ப்பு ஆலோசகர் எடுபிடி வேலைகளுக்கு அனுப்பினார். அதே சட்டத்தின் கடன் பிரிவில் நிலைமை இன்னும் மோசம். 1947 இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின்படி, அரசு உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குக் கிடைத்தவை 2. ஒரே போரில், ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள்தான் எல்லோரும்.

பிலிப்பைன்ஸ் நாட்டவரின் கதை இன்னும் கசப்பானது. 1941 இல் ரூஸ்வெல்ட்டின் ஆணையின் கீழ் பிலிப்பைன்ஸ் படையினர் அமெரிக்கப் படைகளின் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கட்டளையின் கீழ் போரிட்டார்கள், சிறைப்பட்டார்கள், இறந்தார்கள். போர் முடிந்து சில மாதங்களில், 1946 பெப்ரவரியில், காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அவர்களின் சேவை, முன்னாள் படைவீரர் உரிமைகளில் பெரும்பாலானவற்றுக்கு, அமெரிக்க இராணுவ சேவையாகக் கருதப்படாது என்றது அச்சட்டம். இரண்டரை லட்சம் பேர் வரை ஒரே வாக்கியத்தால் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டார்கள். 63 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009 இல், உயிரோடு எஞ்சியிருந்தவர்களில் அமெரிக்கப் பிரஜைகளுக்கு 15,000 டொலரும் ஏனையோருக்கு 9,000 டொலரும் ஒரே தடவையில் கொடுக்க முடிவானது. அந்த 63 ஆண்டுகளில் பெரும்பாலானோர் இறந்துபோயிருந்தனர்.

பணம் யாருடைய கைக்கு?

1944 இன் ஏற்பாட்டில் கட்டணம் நேராகக் கல்வி நிறுவனத்துக்குச் சென்றதால் இன்னொரு கூட்டமும் பயனடைந்தது. படைவீரர்களின் பணத்தைக் குறிவைத்து தனியார் பயிற்சிப் பள்ளிகள் திடீரென முளைத்தன. மோசடிகள் அம்பலமானதும், கொரியப் போரில் பங்கேற்றோருக்கான 1952 இன் சட்டம் வழியை மாற்றியது: தனியாளுக்கு மாதம் 110 டொலர் நேராக மாணவரின் கையில், கட்டணத்தை அவரே கட்டிக்கொள்ள வேண்டும். மோசடி குறைந்தது. ஆனால் செலவு கூடிய பல்கலைக்கழகங்களின் கதவும் வறியவர்களுக்கு மூடியது.

இன்று நடைமுறையில் உள்ள முக்கிய திட்டம், செனட்டர் ஜிம் வெப் முன்னின்று கொண்டுவந்து, 2008 இல் சட்டமாகி, 2009 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2001 செப்டெம்பர் 11க்குப் பின் சேவையாற்றியோருக்கானது. இது இரண்டு வழிகளையும் இணைக்கிறது. கட்டணம் கல்வி நிறுவனத்துக்கு. வாடகைக்கான மாதாந்தக் கொடுப்பனவும் ஆண்டுக்கு 1,000 டொலர் வரையான புத்தகப் பணமும் மாணவருக்கு. பொதுவாக 36 மாதங்களுக்கு இது கிடைக்கும்.

கேட்பதற்கு எளிமையாகத் தெரிந்தாலும் உள்ளே நிபந்தனைகள் அடுக்கடுக்காக உள்ளன. முழுத்தொகை பெற 36 மாத முழுநேர சேவை வேண்டும். 90 நாட்கள் மட்டுமே சேவையாற்றியவருக்குப் பாதிதான். வாடகைப் பணம் கல்லூரி அமைந்துள்ள இடத்தைப் பொறுத்து மாறும். முற்றிலும் இணையவழியில் படித்தால் தேசிய சராசரியின் பாதி. அரைநேரமோ அதற்குக் குறைவாகவோ படித்தால் எதுவும் இல்லை. மாதம் முடிந்த பின்னரே பணம் வரும், தவணை விடுமுறைக்கு வராது. நன்மதிப்போடு விடுவிக்கப்பட்டவர் என்ற குறிப்பு விடுவிப்புப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வேறு சொல் எழுதப்பட்டிருந்தால் ஈராக்கில் எத்தனை தடவை போரிட்டிருந்தாலும் இந்தக் கல்விப் பணம் கிடையாது.

சேவையில் இருப்பவர் தனது உரிமையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு ஆறு ஆண்டுகள் சேவையாற்றியிருப்பதோடு மேலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பமிட வேண்டும். நன்றிக்கடன் என்று தொடங்கிய திட்டம், ஆட்களைப் படையில் தக்கவைக்கும் கருவியாகவும் ஆகிவிட்டது இங்கே தெரிகிறது. 1973 இல் கட்டாய ஆட்சேர்ப்பு நின்ற நாட்டில், பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட வழியில்லாத இளைஞர்களுக்குப் படையில் சேர்வதே கல்விக்கான வழியாகிறது என்ற விமர்சனம் அங்கேயே உண்டு.

பழைய மோசடியும் புதிய வடிவில் திரும்பியது. இலாபநோக்குக் கல்லூரிகள் தமது வருமானத்தில் குறைந்தது 10 வீதத்தை மத்திய அரசின் கல்வி உதவிக்கு வெளியே திரட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் படைவீரர்களின் கல்விப் பணம் அரசுப் பணமாக எண்ணப்படவில்லை. ஆகவே ஒரு படைவீரரைச் சேர்த்தால் அவர் கொண்டுவரும் ஒவ்வொரு டொலருக்கும் மேலும் ஒன்பது டொலர் அரசு உதவியை எடுக்கலாம். இந்த நிறுவனங்கள் படைமுகாம்களைச் சுற்றி ஆட்சேர்த்ததற்கு இதுவே காரணம். இத்துறையின் பெரிய நிறுவனங்களான கொரிந்தியன் 2015 இலும் ஐ.டி.டி. 2016 இலும் மூடப்பட்டபோது மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2021 இல்தான் சட்டத்தின் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. மாற்றம் 2023 இல் நடைமுறைக்கு வந்தது.

தாமதமும் ஒரு மறுப்பு

2017 இல் கோல்மெரியின் பெயராலேயே நிறைவேறிய சட்டம் பல குறைகளை நீக்கியது. 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் விடுவிக்கப்பட்டோருக்கு 15 ஆண்டுக் காலவரையறை இல்லாமற்போனது. ஆனால் வாடகைப் பணத்தின் புதிய கணக்கைத் திணைக்களத்தின் கணினிகளால் செய்ய முடியவில்லை. 2018 இல் பல்லாயிரக்கணக்கான மாணவர்களின் கொடுப்பனவு தாமதமாகியது, அல்லது தவறான தொகையாக வந்தது. வீட்டுக்காரரோ மாதக் கடைசியில் வாடகை கேட்பார்.

ஜேம்ஸ் ருடிசில் என்ற படைவீரர் மூன்று தடவைகளாகச் சேவையாற்றியவர். இரண்டு வெவ்வேறு கல்வித் திட்டங்களுக்கும் தனித்தனியே உரித்துடையவர். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்க 2015 இல் விண்ணப்பித்தபோது, முதலாவது திட்டத்தில் எஞ்சிய மாதங்களுக்கு மேல் தரமுடியாது என்றது திணைக்களம். உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது 2024 ஏப்ரலில். தன் உரிமையை நிரூபிக்க ஓர் அமெரிக்கப் படைவீரருக்கே ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

எங்களுக்கான கேள்விகள்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஜி.ஐ. சட்டம் ஓர் அரசு தன் படையினருக்குச் செலுத்தும் கடன். அந்தப் படைகள் போரிட்ட வியட்நாமிலோ ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ பள்ளியை இழந்த பிள்ளைக்கு அதில் ஒரு வரியும் இல்லை. வென்ற தரப்பின் வீரர்களைக் கவனிப்பதும், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்வதும் வேறு வேறு கடமைகள்.

இலங்கையிலும் இந்த இடைவெளி உண்டு. படையினரின் நலனுக்கென ரணவிரு சேவா அதிகாரசபை 1999 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே, போர் நடக்கும்போதே, உருவானது. இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கான சட்டம் வந்தது 2018 இல், போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலர், பணம் வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று 2017 முதல் வீதியோரங்களில் அமர்ந்திருப்பதன் காரணமும் இதுதான்: உண்மைக்குப் பதிலாகத் தரப்படும் பணத்தை அவர்கள் இழப்பீடாக ஏற்கவில்லை.

ஆனாலும் வீடு, காணி, வாழ்வாதாரம், பிள்ளைகளின் கல்வி என்று திட்டங்கள் அறிவிக்கப்படும். அப்போது அறிவிப்பில் உள்ள தொகையை மட்டும் பார்ப்பது போதாது. பாதிக்கப்பட்டவர் யார் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது? கையெழுத்திடும் அதிகாரம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே எங்கள் மொழியில் பேசமுடியுமா? பணம் குடும்பத்தின் கைக்கு வருகிறதா, இடையில் நிற்பவரிடம் போகிறதா? மறுத்தால் எங்கே முறையிடுவது, பதிலுக்கு எத்தனை காலம்?

மிசிசிப்பியின் கறுப்பினப் படைவீரரிடம் சட்டம் இருந்தது, கடன் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் வீரரிடம் வாக்குறுதி இருந்தது, அது திருப்பி எடுக்கப்பட்டது. இந்தக் கேள்விகளை விண்ணப்பத் திகதி முடிந்த பிறகு கேட்பதில் பயன் இல்லை. சட்டமூலம் வரைவாக இருக்கும்போதே எங்கள் பிரதிநிதிகளும் பாதிக்கப்பட்டோரின் அமைப்புகளும் இவற்றை எழுப்ப வேண்டும்.