புகையிலைக்குத் தனிப் பாத்திரம் வேண்டும்

புகையிலையைக் காய வைத்து இறக்கியதும் நம் வீடுகளில் நடப்பது என்ன? சமையலறையிலிருந்து குண்டான் களத்துக்கு வருகிறது. அதில் வெல்லத் தண்ணீர் கரைக்கிறோம். இலையில் தெளிக்கச் சொம்பு, வாரிப் போட முறம், அடுக்கின் மேல் பாரம் ஏற்ற அம்மிக்கல். வேலை முடிந்ததும் ஒரு அலசு அலசி எல்லாவற்றையும் அடுப்படிக்கே கொண்டு போகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

சென்ற பருவத்தில் என் வீட்டிலேயே பாடம் கற்றேன். என் மனைவி காலை முதல் ஈர இலையை அடுக்கி அழுத்திக் கொண்டிருந்தாள். மாலையில் தலைசுற்றல்; பிறகு ஓயாத வாந்தி. பித்தம் என்று எண்ணி இஞ்சிச் சாறு கொடுத்தோம். மருத்துவர்தான் உண்மையைச் சொன்னார். இலையிலுள்ள நிக்கோட்டின் தண்ணீரில் கரையும். ஈரக் கையின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். புகையிலைப் பழக்கம் இல்லாதவர்களையும் குழந்தைகளையும் அது கடுமையாகத் தாக்கும்.

இது நமக்குப் புதிய செய்தியா? அசுவினிக்கு நாம் என்ன அடிக்கிறோம்? 500 கிராம் புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து, 120 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் கலந்து தெளிக்கிறோம். அவ்வளவு நீர்த்த பிறகும் பூச்சி சாகிறது. அதே சாறு ஊறிய குண்டானில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சலாமா? 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. கடையில் கொடுக்கக் கூடாததை வீட்டுச் சோற்றில் கலப்பது என்ன நியாயம்?

“பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான், தனிச் சாமான் வாங்க ஏது பணம்?” என்பார்கள். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு பழைய தகர டின், இரண்டு பலகை, வயலில் கிடக்கும் பாராங்கல் போதும். அவற்றில் சிவப்புச் சாயம் பூசி, களத்திலேயே வைத்துவிட வேண்டும். மரம், மண், கல் ஆகியவை சாற்றை உறிஞ்சிக் கொள்ளும். கழுவினாலும் முழுதும் போகாது. ஆகவே ஒருமுறை புகையிலை பட்ட அம்மியும் முறமும் மறுபடி சமையலுக்கு ஆகாது.

வேலை செய்கிறவர்கள் ரப்பர் கையுறை போட்டுக் கொள்ளட்டும். நனைந்த துணியை உடனே மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பக்கமே விடக் கூடாது. வாந்தி, மயக்கம் கண்டால் கை வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகையிலை வேலை செய்ததைச் சொல்ல வேண்டும்.

தண்ணீரையும் அளவாகவே தெளியுங்கள். மடித்தால் இலை நொறுங்கக் கூடாது. பிழிந்தால் சொட்டவும் கூடாது. ஈரம் மிஞ்சினால் அடுக்கில் பூஞ்சணம் பிடித்து விலை போகும், கைக்கும் கேடு.

புகையிலை நமக்குப் பணம் தரும் பயிர்தான். அது களத்தோடு நிற்கட்டும். அடுப்படிக்கு வர வேண்டாம்.