இலவசம் யாருக்கு?

"இலவசம்!" என்பது இனிக்கும் சொல். கேட்டதும் செவி குளிரும். சிந்தை சற்றே மயங்கும். ஆனால், இலவசம் என்று எவரேனும் எக்காளமிடும்போது, "பெற்றவன் யார்? கொடுத்தவன் யார்?" என்று கேட்பதன்றோ பகுத்தறிவு!

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே, கடற்கரையோரம், சான் டியாகோ என்றோர் எழில் நகர். 2025ஆம் ஆண்டு அங்கே பெருங்கூக்குரல் எழும்பிற்று. "காலங்காலமாக இலவசமாக அள்ளிய குப்பைக்கு இன்று கட்டணமா? அதுவும் சொத்து வரிச் சீட்டிலா? அடுக்குமா இந்த அநீதி!" என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் வெகுண்டெழுந்தனர்.

அநீதி இருந்தது, தோழர்களே! ஆனால் அது கட்டணத்திலே இல்லை. கட்டணம் வருமுன்பே இருந்தது!

கதை 1919இல் தொடங்குகிறது. அந்நாளில் குப்பை அள்ளிய தனியார், வீட்டாரிடம் கூலி வாங்கினர். அள்ளிய எச்சில் உணவைப் பன்றிப் பண்ணைகளுக்கு விற்று, அதிலும் காசு பார்த்தனர். இரு கையாலும் சுரண்டிய கூட்டத்தைக் கண்டு கொதித்த மக்கள், நகராட்சியே குப்பை அள்ளவேண்டும் என்று வாக்களித்துச் சட்டம் செய்தனர். 'மக்கள் சட்டம்' என்றே அதற்குப் பெயர். நல்ல சட்டம், நல்ல நோக்கம்.

ஆனால் நகர் வளர்ந்தது, அடுக்குமாடிகள் எழுந்தன. பொதுத் தெருவிலே தனி வீடு உடையவருக்கு நகராட்சி வண்டி வந்தது. அடுக்குமாடியிலே வாடகைக்கு இருப்பவருக்கோ பெரும்பாலும் தனியார் வண்டிதான். அதன் கூலி வாடகையோடு வாடகையாக அவர் தலையிலே ஏறிற்று. அவர் கடையிலே வாங்கும் பொருளுக்குச் செலுத்திய விற்பனை வரியில் ஒரு பங்கும் நகரின் பொதுக் கருவூலத்துக்கே சென்றது. அக்கருவூலமே தனி வீட்டாரின் குப்பைச் செலவைத் தாங்கிற்று! தன் குப்பைக்கு ஒரு முறை, வீடுடையவர் குப்பைக்கு மறுமுறை! வீடற்றவன் கொடுக்க, வீடுடையவன் பெற, அதற்குப் பெயர் இலவசமாம்!

2022 நவம்பரில், கட்டணம் விதிக்க நகராட்சிக்கு உரிமை தருவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. மயிரிழை வேறுபாட்டிலே இசைவு கிடைத்தது. 2025 ஜூனில் நகர மன்றம் கட்டணத்தை நிறுவிற்று: பெரிய தொட்டிகள் வைத்திருப்போருக்கு முதலாண்டில் மாதம் 43.60 டாலர், ஆண்டுக்கு 523.20 டாலர். சிறிய குப்பைத் தொட்டி எடுத்தால் கட்டணமும் குறையும்.

வரிச் சீட்டில் ஏன் சேர்க்கவேண்டும்? வீடுவீடாகத் தனிச் சீட்டு அனுப்பி, தண்டல்காரரை ஏவும் செலவு மிச்சம். சொத்து வரியோடு சேர்த்து, டிசம்பர் 10க்குள் ஒரு பாதி, ஏப்ரல் 10க்குள் மறுபாதி கட்டவேண்டும். தவறினால் நூற்றுக்குப் பத்து தண்டம். ஆனால், சீட்டு ஒன்றாயினும் கணக்கு வேறு. சொத்து வரி, சொத்தின் மதிப்பைப் பார்க்கும். குப்பைக் கட்டணம், தொட்டியைப் பார்க்கும்.

"கட்டணம் என்ற முகமூடியில் வரியன்றோ இது?" என்பார் உண்டு. 1996இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து இயற்றிய 218ஆம் முன்மொழிவு அதற்குக் கடிவாளம் இட்டிருக்கிறது: பணிக்கு ஆகும் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்கலாகாது, வாங்கியதை வேறு பணிக்குத் திருப்பலாகாது, கட்டணத்துக்கு உட்பட்டோரில் பெரும்பான்மையோர் எழுத்து மூலம் எதிர்த்தால் கட்டணமே இல்லை.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு! வாக்குக் கேட்ட நாளில் மாதம் 23 முதல் 29 டாலர் ஆகலாம் என்று மதிப்பிட்டனர்; வந்து நின்றதோ 43.60! ஒன்றைக் காட்டி வாக்கு வாங்கி, வேறொன்றைக் கையிலே திணித்தால், மக்கள் சினப்பது முறையே. அதுமட்டுமா? மாளிகைவாசியின் தொட்டிக்கும், ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் மூதாட்டியின் அதே அளவுத் தொட்டிக்கும் ஒரே கட்டணம்! தொட்டிக்குக் கண் இல்லை. ஆட்சிக்கும் இல்லாமற் போகலாமா?

அந்த மூதாட்டியின் கண்ணீரைக் காட்டி மாளிகைவாசி விலக்குக் கேட்கிறாரே, அதுதான் சூழ்ச்சி! மூதாட்டிக்கு உதவி தேவை, மாளிகைக்கு எதற்கு? அவளுக்குத் தரும் சலுகையின் சுமையைக் கட்டணம் செலுத்தும் மற்றவர்மீது ஏற்ற 218ஆம் முன்மொழிவு இடந்தராது. பொதுக் கருவூலம்தான் தரவேண்டும். தரட்டும்! வீடுடையார் அனைவர்க்கும் வாரி இறைத்த கருவூலத்துக்கு, இல்லாதவருக்கு மட்டும் ஈவது பெருஞ்சுமையா?

உள்ளவன் தன் குப்பைக்குத் தானே கொடுக்கட்டும்! இல்லாதவனுக்கு ஊர் கொடுக்கட்டும்! வாடகைக்காரன் முதுகிலே ஏறி வந்த அந்தப் பழைய இலவசம், அள்ளிச் செல்லும் குப்பையோடு குப்பையாகப் போகட்டும்!