இணையவழி வணிகமும் மக்கள்மீது சுமத்தப்படும் பழியும்

அபிவிருத்தி பற்றிப் பேசுவோர் எவரும் இன்று இணையவழி வணிகம் பற்றியும் பணத்தாளற்ற கொடுக்கல் வாங்கல் பற்றியும் பேசாதிருப்பதில்லை. கருத்தரங்குகள் நடைபெறுகின்றன, திட்டங்கள் அங்குரார்ப்பணம் செய்யப்படுகின்றன, 2020 ஆம் ஆண்டினை இலங்கை மத்திய வங்கி டிஜிற்றல் கொடுக்கல் வாங்கல்களுக்குரிய ஆண்டாகவே பிரகடனப்படுத்தியது. இத்தனைக்கும் பின்னர், கிராமத்துச் சில்லறைக் கடையிலும் வாரச் சந்தையிலும் கசங்கிய பணத்தாளே ஆட்சி செலுத்துகின்றது. இதற்குக் காரணம் யாது என்று வினவினால், மேல்மட்டத்தாரிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு. மக்கள் இன்னும் பழகவில்லை. புதியன கண்டு அஞ்சுகின்றனர். அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டல் வேண்டும் என்பதே அவ்விடை.

இவ்விடை பிழையானது என்பதோடு தீங்கானதுமாகும். பிழையானது, ஏனெனில் நடந்தவை இதற்கு முரணாகவே உள்ளன. தீங்கானது, ஏனெனில் நிறுவனங்கள் செய்யத் தவறியவற்றின் பழியை அவற்றால் பாதிக்கப்பட்டோர் தலையிலேயே இது சுமத்திவிடுகின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். இலங்கையிற் குறைவாக இருப்பது தொழில்நுட்பம் அன்று. காசோலைகளைப் படிமமாக்கித் தீர்வு செய்யும் முறை இந்நாட்டில் 2006 இல் நடைமுறைக்கு வந்தது. தெற்காசியாவில் அதுவே முதன்மையானது. இலத்திரனியல் ஒப்பந்தங்களுக்குச் சட்ட வலு அளித்த 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்பும் ஈசி காஷ் சேவை 2012 இல் ஆரம்பமாயிற்று. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்கிற்கு உடனுக்குடன் பணம் மாற்றும் பொது ஆளி 2015 இல் இயங்கத் தொடங்கியது. 2018 இல் லங்கா கியூஆர் என்னும் தேசியத் தரம் வகுக்கப்பட்டது. அரச நிறுவனங்களுக்குரிய கட்டணங்களை இணையவழியே செலுத்தும் கவ்பே 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டது. இத்தனை கருவிகளையும் வைத்திருக்கும் நாட்டிற் பணத்தாள் அசையாதிருக்கின்றது எனின், தடை கருவியில் இல்லை. கருவிக்கும் மனிதனுக்கும் இடையிலேயே உள்ளது.

அவ்வாறாயின் தடை மனிதனிடம் உள்ளதா? கென்யாவின் அனுபவம் இதற்கு மறுமொழி கூறும். 2007 மார்ச்சில் எம்-பெசா என்னும் சேவை அங்கு ஆரம்பமானபோது, அதனைப் பற்றிக்கொண்டோருள் வங்கிப் படியே ஏறியிராத பல்லாயிரவர் இருந்தனர். நகரிலே கூலிக்கு உழைத்தவர் ஊரிலுள்ள குடும்பத்திற்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தார். அருகிலிருந்த பெட்டிக்கடையே அதற்கு முகவராயிற்று. சாதாரணக் கைத்தொலைபேசியே போதுமானதாயிற்று. அம்மக்கள் இலங்கை மக்களைவிட எழுத்தறிவிற் கூடியவர்கள் அல்லர். அவர்களின் தேவை இருந்த இடத்திற்குச் சேவை சென்றது; அதனால் அது வென்றது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. வெளிநாடுகளில் உழைப்போர் முறைசார்ந்த வழிகளில் இலங்கைக்கு அனுப்பிய பணம் 2020 இல் ஏறத்தாழ 710 கோடி அமெரிக்க டொலராக இருந்தது. 2021 இல் அது 549 கோடியாகவும், 2022 இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவில் அதிகாரத்தாற் கட்டி வைக்கப்பட்டிருக்க, வெளியே அதனிலும் கூடிய விலை கிடைத்தமையே இதற்கு முக்கிய காரணமாகும். வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணி புரியும் பெண்ணும் கட்டட வேலை செய்யும் இளைஞனும் உண்டியல் வழியைத் தேர்ந்தனர். 2022 மார்ச்சில் ரூபாவின் கட்டு அவிழ்ந்த பின்னர், 2023 இல் வங்கி வழி வந்த தொகை 597 கோடியாக உயர்ந்தது. எவ்வழியில் அனுப்பினால் எத்தனை ரூபா கூடும், எத்தனை நாளிற் சேரும், எவரை நம்பலாம் என்பனவற்றையெல்லாம் தொலைபேசியிலேயே கணித்து முடிவு செய்த மக்களை அறியாதோர் என்று அழைப்பது எவ்வகையில் நியாயமாகும்?

எனவே உண்மைத் தடைகள் எவை என்பதை நோக்குதல் வேண்டும். அவற்றுள் முதலாவது நாட்டின் எல்லையிலே நிற்கின்றது. உலகெங்கும் சிறு வணிகர் பயன்படுத்தும் பேபால் சேவையில் இலங்கையர் பணம் செலுத்தலாம், ஆனாற் பெற முடியாது என்ற நிலையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. வாங்குபவனாக இருக்கும் வரை இலங்கையன் உலகச் சந்தையின் பிரசை. விற்பவனாக மாறும் கணத்தில் அவன் அந்நியன். யாழ்ப்பாணத்திற் பனையோலைக் கூடை முடையும் பெண்ணுக்கும், மட்டக்களப்பிற் கைத்தறிச் சேலை நெய்பவருக்கும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாடிக்கையாளர் உண்டு. பொருளைக் காட்டவும் பேசவும் இணையம் உண்டு. பணம் வரும் வழி மட்டும் இல்லை. ஆகவே அப்பணம் அங்குள்ள உறவினர் ஒருவரின் கணக்கிற் சேர்ந்து, அவரது தயவினால் இங்கு வந்து சேருகின்றது. உறவினர் இல்லாதவருக்குச் சந்தையும் இல்லை. பயோனியர் போன்ற மாற்று வழிகள் கணினித் தொழில் செய்யும் இளைஞர் சிலருக்குக் கைகொடுத்துள்ளமை உண்மையே. ஆயின் தனித்தனி வாடிக்கையாளருக்கு ஒரு கூடை, ஒரு சேலை என்று விற்பவருக்கு அவை ஏற்றனவல்ல.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் கூறுவோர் 2024 பெப்ரவரி 12 ஆம் திகதியை நினைவுகூர்தல் நன்று. அன்றுதான் இந்தியாவின் யூபிஐ முறை இலங்கையில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இந்தியச் சுற்றுலாப் பயணி தன் தொலைபேசியால் இங்குள்ள கடையின் குறியீட்டை வருடிப் பணம் செலுத்த வழி பிறந்தது. இரு அரசுகள் மனம் வைத்தபோது எல்லை தாண்டிய கொடுப்பனவு கைகூடிற்று. பயணிக்காக எல்லையைத் திறக்க முடியுமாயின், கூடை முடைபவளுக்காக ஏன் திறக்க முடியாது? சேவை ஏற்றுமதி வருமானத்தின் மீது உச்சமாக 15 சதவீத வரி 2025 ஏப்ரல் முதல் விதிக்கப்பட்டமையும் இவ்விடத்து நோக்கத்தக்கது. வரி அறவிடுதல் தவறன்று. ஆனால் வருமானம் வரும் பாதையைச் செப்பனிடுமுன் அப்பாதையிற் சுங்கச் சாவடி அமைப்பது எவ்வகைத் திட்டமிடல் என்பதே கேள்வி.

இரண்டாவது தடை முகவரி. இணையவழி வணிகம் என்பது ஈற்றில் ஒரு பொதி ஒரு வீட்டு வாசலை அடைவதில் முடிகின்றது. மலையகத் தோட்டங்களிற் பல லயன் குடியிருப்புகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே சென்று சேர்கின்றன. 1948 இற் பிரசாவுரிமை மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் எஞ்சியோருக்கும் அவ்வுரிமை வழங்கப்பட்டது. ஆயினும் வீட்டிலக்கம் வழங்கப்படாத பிரசைக்குப் பொதி வராது. முகவரிச் சான்றின்றிக் கணக்குத் திறப்பதும் இடர்ப்பாடாகும். ஐந்து தலைமுறையாகத் தேயிலையை உலகச் சந்தைக்கு அனுப்பியோர், அவ்வுலகச் சந்தையிலிருந்து தம் பிள்ளைக்கு ஒரு புத்தகத்தைத் தம் வாசலிற் பெற இயலாதிருக்கின்றனர். இதனை விழிப்புணர்வுச் சுவரொட்டி தீர்க்குமா?

மூன்றாவது தடை மொழி. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் செயலியின் நிபந்தனைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. மறைவெண்ணை எவருக்கும் கூறாதீர் என்ற எச்சரிக்கை புரியாத மொழியில் வந்தால் அது எச்சரிக்கை ஆகாது. பின்னர் ஏமாற்றப்பட்டவரை நோக்கி, எச்சரித்தோமே என்று கூறுவது நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளும் தந்திரமேயன்றி வேறில்லை. தனக்குப் புரியாத மொழியிற் கையொப்பமிட மறுப்பவன் பிற்போக்காளன் அல்லன், அவன் விவேகி.

நான்காவது, பரிகாரம் இன்மை. சந்தையில் வாங்கிய மீன் பழுதாயின், மறுநாள் அதே வியாபாரியிடம் சென்று நியாயம் கேட்கலாம். முகமறியா விற்பனையாளன் உடைந்த பொருளை அனுப்பினால் எங்கு முறையிடுவது? நுகர்வோர் விவகார அதிகார சபைக்குரிய சட்டம் 2003 ஆம் ஆண்டினது. இணையவழி விற்பனையை முன்னிறுத்தி இயற்றப்பட்டதன்று. ஆயிரம் ரூபாப் பொருளுக்காக எவரும் வழக்கறிஞரை அமர்த்தார். ஆகவேதான் பொருளைக் கண்ணாற் கண்டபின் பணம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிற்று. பாதுகாப்பற்ற சந்தையில் வாங்குவோர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட காப்புறுதி அது.

ஐந்தாவது, சிறு கடைக்காரரின் நிலை. அட்டை மூலம் விற்றால் விற்பனைத் தொகையின் ஒரு பங்கை வங்கி கழித்துக்கொள்கின்றது; எஞ்சிய பணமும் உடனே கைக்கு வருவதில்லை. ஆனால் மறுநாள் விடியலில் மரக்கறி கொண்டுவரும் மொத்த வியாபாரி கையிற் காசு கேட்கின்றார். சங்கிலியின் மேற்கண்ணி காசில் இருக்கையிற் கீழ்க்கண்ணியை மட்டும் மாற்றச் சொல்வது நடவாத காரியம். குறியீட்டு அட்டையைக் கடைவாசலில் ஒட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்துச் செல்வோர், அக்கடைக்குச் சரக்கு வரும் வழியைப் பார்ப்பதில்லை.

இனி எதிர்வாதங்களை நோக்கலாம். ஒரு சாரார், அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தாவிடின் நாடு மீண்டும் 2022 ஐ எதிர்நோக்கும் என்பர். அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்திவைத்த நாட்டில் இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. வெளிச்செல்லும் டொலருக்குக் காவல் வேண்டும் என்பதும் ஏற்புடையதே. ஆனால் இங்கு பேசப்படுவது உள்வரும் டொலர் பற்றியது. கதவு திருடனுக்கு அஞ்சிப் பூட்டப்படுவது. வீட்டுக்காரர் விளைச்சலோடு வரும்போதும் அது பூட்டியே இருப்பின், அவர் வேலியைப் பிரித்துத்தான் உள்ளே வருவார். உண்டியல் என்பது அந்த வேலிப் பொத்தலே. மேற்கூறிய பணவரவுக் கணக்கு இதற்குச் சான்று.

மற்றொரு சாரார், பேபால் போன்றவை தனியார் நிறுவனங்கள். சிறிய சந்தையை அவை விரும்பாவிடின் அரசு யாது செய்ய இயலும் என்பர். பணத்தூய்மையாக்கம் தொடர்பான சர்வதேச நடவடிக்கைப் பணிக்குழு 2017 இல் இலங்கையைத் தன் கண்காணிப்புப் பட்டியலிற் சேர்த்தமை வெளியார் நம்பிக்கையைக் குறைத்தது என்பதும் உண்மை. ஆனால் 2019 ஒக்ரோபரில் இலங்கை அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னரும் தனியார் நிறுவனமொன்றின் கருணைக்காகக் காத்திருத்தல் கொள்கையாகாது.

வரலாறு இதற்கு ஒரு முன்னுதாரணம் வைத்திருக்கின்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இலங்கையிலிருந்த பிரித்தானிய வங்கிகள் தோட்டத் துறைக்கும் ஏற்றுமதி இறக்குமதி வணிகத்திற்குமே முதன்மையாகப் பணம் வழங்கின. உள்ளூர் வணிகனும் விவசாயியும் செட்டியாரையும் அடகுகாரரையும் நாடினர். உள்ளூர் மக்கள் வங்கிப் பழக்கத்திற்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற பேச்சு அன்றும் இருந்தது. அதனை ஏற்றுக்கொண்டு எவரும் வாளாவிருக்கவில்லை. 1934 இல் வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. 1961 இல் மக்கள் வங்கி தோன்றி, கிராமங்களுக்குச் சென்றது. ஏற்றவர்கள் அல்லர் எனப்பட்ட மக்கள் வரிசையில் நின்று கணக்குத் திறந்தனர். நிறுவனம் மாறியபோது பழக்கம் தானே மாறிற்று.

எனவே வேண்டப்படுவன தெளிவானவை. உள்வரும் சிறு கொடுப்பனவுகளைப் பெறுவதற்கான தேசிய வழியொன்றினை அரச வங்கிகள் வாயிலாக அரசே அமைத்தல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் செறிந்து வாழும் நாடுகளின் கொடுப்பனவு முறைகளோடு அதனை இணைத்தல் வேண்டும். ஒவ்வொரு லயன் வீட்டிற்கும் சட்டபூர்வ இலக்கம் வழங்கல் வேண்டும். தபாலகங்களைப் பணமும் பொதியும் சேரும் முகவர் நிலையங்களாக்கல் வேண்டும். செயலியும் எச்சரிக்கையும் மும்மொழியிலும் இருத்தல் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாதல் வேண்டும். சிறு முறைப்பாடுகளைக் குறித்த நாட்களுள் தீர்க்கும் செலவற்ற மன்றம் வேண்டும். சிறு தொகைக் கொடுப்பனவுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் அறவிடலாகாது. மொத்தச் சந்தைகளிலிருந்தே மாற்றம் தொடங்குதல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தினருக்கும் இதில் ஒரு கடன் உண்டு. கிராமத்தவர் டிஜிற்றல் சேவையை நாடாமைக்கான காரணங்கள் என்று ஆய்வுத் தலைப்பு இடும்போதே குற்றவாளி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றார். வினாக்கொத்து கிராமத்தவரிடம் மட்டும் செல்கின்றது. வங்கித் தலைமையகத்திற்கும் அமைச்சிற்கும் செல்வதில்லை. சேவை கிராமத்தை நாடாமைக்கான காரணங்கள் என்று அத்தலைப்பைத் திருப்பி எழுதும் துணிவு ஆய்வாளருக்கு வருதல் வேண்டும். கேள்வி திரும்பினாலன்றி விடை திரும்பாது. அதுவரை, மக்கள் ஆயத்தமாகவில்லை என்று மேடைகளில் முழங்குவோர், மக்களுக்காகத் தாம் எதனை ஆயத்தம் செய்தனர் என்ற வினாவுக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர்களாவர்.