படிக்கப் போனால் பேர் இல்லையா?

கடந்த மாதம் சங்க அலுவலகத்துக்கு ஓர் அறிவித்தல் வந்தது. தோட்டப்புற மக்களின் தனிப்பட்ட கல்விக்கும் தொழில் முன்னேற்றத்துக்கும் சிறு மானியம் வழங்கப் போகிறார்களாம். வாசித்ததும் சந்தோஷப்பட்டோம். பக்கத்தைப் புரட்டியதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

விண்ணப்பதாரி க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பாடநெறிக் கட்டணத்தை முதலில் தாமே கட்டிப் பற்றுச்சீட்டை அனுப்பினால், மூன்று மாதத்துக்குப் பிறகு பணம் திருப்பித் தரப்படும்.

இந்த நான்கையும் தாண்டி வரக்கூடியவருக்கு மானியம் எதற்கு? கையில் காசில்லாதவருக்குத்தானே உதவி? காசை முதலில் கட்டு, பிறகு தருகிறோம் என்பது, பசித்தவனிடம் முதலில் சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்வது போல இருக்கிறது.

சாதாரண தரத்தை எடுத்துக்கொள்வோம். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, எங்கள் பெற்றோருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு மடுவமும் ஒரு வாத்தியாரும் ஐந்தாம் வகுப்பும்தான். அதற்குப் பிறகும் எத்தனை பிள்ளைகள் மேல் வகுப்புக்கு மைல் கணக்கில் நடந்தார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் தம்பி தங்கச்சியைப் பார்க்க இடையில் நின்றார்கள் என்பது ஒவ்வொரு லயத்துக்கும் தெரியும். அன்று படிக்க விடாமல் வைத்துவிட்டு, இன்று படிக்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் கதவை மூடுகிறார்கள். ஒரே அநியாயத்தை இரண்டு முறை செய்வது இது.

எங்கள் அங்கத்தவர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக வேலை செய்கிறார். கொழுந்து அரைக்கும் மெசினின் சத்தத்தைக் கேட்டே எந்த பெயாரிங் போகப் போகிறது என்று சொல்வார். மெசின் நின்றால் உத்தியோகத்தர் முதலில் அனுப்புவது அவரைக் கூட்டிவரத்தான். ஆனால் அவர் கையில் ஒரு துண்டுச் சான்றிதழ் கிடையாது. நாளைக்கு அந்தத் தொழிற்சாலையை மூடினால் வெளியில் அவர் வெறும் கூலியாள்.

இந்த நாட்டில் அதற்கு வழி இல்லாமல் இல்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமை முறையில், வேலை செய்து பழகியதைப் பரீட்சித்துப் பார்த்து, வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் பெறும் ஏற்பாடு உண்டு. அவருக்குத் தேவைப்படுவது பரீட்சைச் செலவும், பஸ் காசும், நான்கைந்து நாள் லீவும் மட்டுமே. சிறு மானியம் என்றால் இதுதான் சிறு மானியம். ஆனால் அந்த அறிவித்தலின்படி அவர் விண்ணப்பிக்கவே முடியாது. ஏனென்றால் அவர் எட்டாம் வகுப்பு.

இனி வகுப்புக்கே போக நினைக்கும் ஒரு கொழுந்தெடுக்கும் சகோதரியின் கணக்கைப் பார்ப்போம். அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் கட்டணமே இல்லாத ஆறு மாதப் பாடநெறி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பு சனிக்கிழமை. 26 சனிக்கிழமை, 26 பேர் போச்சு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவின்படி கணக்குப் போட்டாலே 35,100 ரூபா. அந்த நாட்களுக்குக் கம்பனி போட வேண்டிய சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் இல்லை. அது 5,265 ரூபா. பஸ்ஸுக்குப் போக வர 200 ரூபா என்றால் 5,200. மொத்தம் 45,565 ரூபா. அந்தச் சம்பளத்தின்படி மாதம் 25 பேர் முழுதாகப் போட்டாலும் கிடைத்தது 33,750 ரூபாதான், பிடிப்புகள் வேறு. ஆக, இலவசப் படிப்பு ஒன்றைப் படிக்க அவர் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இழக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

கற்பதற்குச் சம்பளத்துடன் லீவு கேட்பது பேராசை அல்ல. சர்வதேச தொழில் தாபனம் 1974 இலேயே சம்பளத்துடனான கல்வி விடுமுறைக்கென 140 ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. தொழிற் பயிற்சிக்கு மட்டுமல்ல, பொதுக் கல்விக்கும் தொழிற்சங்கக் கல்விக்கும் அது லீவு கேட்கிறது.

கம்பனிப் பக்கத்தில் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். முதலாவது, படித்தால் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்பது. படிக்காமலே போய்க்கொண்டிருக்கிறார்களே! கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் நிற்கும் எங்கள் பிள்ளைகள் எந்த மானியம் வாங்கிப் போனார்கள்? கையில் தொழில் இல்லாமல் போனதால்தான் சொன்ன சம்பளத்துக்கு நிற்கிறார்கள். தோட்ட நிர்வாகத்தில் இருப்போர் கற்பதற்கு 1979 இல் சட்டம் போட்டே பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் அமைக்கப்பட்டது. நல்ல காரியம், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் படித்தால் போய்விடுவீர்களா என்று எந்தத் துரையிடமும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் ஏன்?

இரண்டாவது, காசைக் கையில் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்பது. இது அவமானப்படுத்தும் பேச்சு. எங்கள் லயங்களில் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லை, கணக்காய்வாளர் இல்லை, வாய் வார்த்தைதான். மாதா மாதம் எடுக்க வேண்டியவர் கைக்குக் காசு போய்ச் சேருகிறது. அந்தக் கைகளை நம்ப முடியாதென்றால் வேறு யாரை நம்புவது?

காசு வீணாகும் இடம் வேறு. நகரத்து ஹோட்டலில் மூன்று நாள் செயலமர்வு. பெனர், மதியச் சாப்பாடு, குழுப் படம், கடைசியில் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு ஒரு வேலையும் கிடைக்காது. அந்த மண்டபச் செலவில் எத்தனை பேர் பாரவூர்தி ஓட்டப் பழகியிருப்பார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் தன் கதையைத் தானே சொல்லுமளவுக்குச் சிங்களம் படித்திருப்பார்கள்?

சில தோட்டங்களுக்குப் பெயார்ட்ரேட் மேலதிகப் பணம் வருகிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க வேண்டியது தொழிலாளர்களும் அவர்கள் தெரிவுசெய்த குழுவும்தான். அந்தத் தோட்டங்களில் இருக்கும் அங்கத்தவர்களே, அடுத்த பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று, இதில் ஒரு பங்கு தனிப்பட்ட கல்விக்கு என்று பிரேரணை கொண்டுவாருங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்த வீட்டைக் குறை சொல்லும்போது எங்கள் வாசலையும் கூட்ட வேண்டும். மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் பிடிபடும் சந்தாவில் கட்டடம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அங்கத்தவர் ஒருவர் கற்பதற்கு என்று ஒரு ரூபா ஒதுக்கினோமா? இல்லை. அதை இந்த வருடமே மாற்ற வேண்டும். மாற்றும்போது தலைவரின் மருமகனுக்கும் மாவட்டப் பிரதிநிதியின் மகளுக்கும் முதலிடம் என்ற பழைய வழக்கமும் அதோடு ஒழிய வேண்டும்.

ஆகவே அரசாங்கம், கம்பனிகள், மானியம் தரும் நிறுவனங்கள், எங்கள் சங்கம் ஆகிய எல்லோரிடமும் நாம் கேட்பது இவை:

1. பணம் கற்பவரின் சொந்தக் கணக்குக்கு, பாடநெறி தொடங்கும் முன்னே போக வேண்டும்.

2. வகுப்புக்கும் பரீட்சைக்கும் போகும் நாள் முழுப் பேராகக் கணக்கிடப்பட வேண்டும்.

3. சாதாரண தரம் கேட்கக் கூடாது. விண்ணப்பம் தமிழில் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் ஏற்க வேண்டும்.

4. துரையின் சிபாரிசு தேவையில்லை. என்ன கற்பது என்பதைக் கற்பவரே தீர்மானிக்க வேண்டும்.

5. தெரிவுக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கிடைத்தவர் பெயரும், கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதும் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும்.

வந்த அறிவித்தலை நாம் குப்பையில் போடவில்லை. மேற்சொன்னவற்றை எழுதி அந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஆனால் எங்கள் கடிதம் மட்டும் போதாது. நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள், அதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை பேர் போகும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி உங்கள் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாள்களோடு பேச்சுவார்த்தைக்குப் போகிறோம். எங்கள் ஆட்களுக்கு ஆர்வமில்லை என்று அதற்குப் பிறகும் யார் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.