சிறு மோதல், பெரிய கோரிக்கை: பொய்க் காயத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள்?

லண்டனில் ஒரு சந்தியில் பச்சை விளக்குக்காக நிற்கும் காரைப் பின்னால் வந்த கார் மெதுவாக முட்டுகிறது. பம்பரில் ஒரு கீறல். சாரதிகள் இருவரும் இறங்கி விபரங்களைப் பரிமாறிக்கொண்டு போய்விடுகிறார்கள். சில வாரங்களின் பின்னர் முட்டியவரின் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு கோரிக்கை வருகிறது. கழுத்து வலி, முதுகு வலி, தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை. சில வேளைகளில், அன்று அந்தக் காரில் இல்லாத ஒருவரும் காயமடைந்தோர் பட்டியலில் இடம்பெறுகிறார்.

வாகனம் ஓட்டுவதே பிழைப்பாக உள்ள எமது மக்கள் பலருக்கு இது அன்னியமான கதையல்ல. இதை "ஏமாற்றுக்காரர்களின் கதை" என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகவும் முடியாது. மிகைப்படுத்தப்பட்ட கோரிக்கைகளைத் தடுக்க இங்கிலாந்தும் வேல்ஸும் அண்மைக் காலத்தில் கொண்டுவந்த சட்டங்கள், உண்மையாகக் காயமடைந்தவரின் நிலையையும் மாற்றியிருக்கின்றன. உடலில் பழைய போர்க்காயங்களோடு வாழும் ஒருவருக்கு இந்த மாற்றம் இன்னும் நெருக்கமானது.

கண்ணுக்குத் தெரியாத காயம்

பின்னாலிருந்து முட்டப்படும்போது உடல் ஆசனத்தோடு முன்னே தள்ளப்படுகிறது. தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு உதறப்படுகிறது. இதனால் கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. ஆங்கிலத்தில் இதனை விப்லாஷ் என்பர். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் குணமாகிவிடும். சிலருக்கு வலி நீண்ட காலம் தொடரும்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காயம் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை. வைத்தியர் பெருமளவு நோயாளியின் வாய்மொழியையே நம்ப வேண்டியுள்ளது. உண்மையான வலிக்கும் சொல்லப்படும் வலிக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் ஒரு வியாபாரம் வளர்ந்தது. விபத்தில் சிக்கியவர்களின் விபரங்களைப் பணத்துக்குக் கைமாற்றுவதும், "உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தருகிறோம்" என்று தொலைபேசியில் துரத்துவதும் சாதாரணமாகின. வேண்டுமென்றே திடீரெனப் பிரேக் பிடித்து, பின்னால் வருபவரை முட்ட வைக்கும் கும்பல்களும் தோன்றின.

சட்டம் இறுகிய விதம்

2013 ஏப்ரலில், காயமடைந்தவர்களை அனுப்பி வைப்பதற்காகச் சட்டத்தரணிகள் தரகுப்பணம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டு பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வேலைத்தள விபத்து வழக்கு வந்திருந்தது. காயமடைந்த தொழிலாளி 8 இலட்சம் பவுண்களுக்கும் மேல் கோரியிருந்தார். அவர் தனது இயலாமையை மிகைப்படுத்தியது இரகசியமாக எடுக்கப்பட்ட காணொளியில் அம்பலமானது. ஆயினும் காயம் உண்மையானது என்பதால் சுமார் 88 ஆயிரம் பவுண்கள் அவருக்குக் கிடைத்தன. பொய் சொன்னவருக்கும் உரியது கிடைக்கட்டும் என்ற அந்த நிலைப்பாட்டை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 2015 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் நீதிமன்றங்கள் சட்டத்தின் 57 ஆம் பிரிவின்படி, கோரிக்கையாளர் அடிப்படையில் நேர்மையற்று நடந்தார் என்று கண்டால், நீதிமன்றம் முழுக் கோரிக்கையையும் தள்ளுபடி செய்ய வேண்டும். உண்மையான காயத்துக்குரிய பங்கும் அதோடு போய்விடும். அது அவருக்குக் கணிசமான அநீதியாக அமையும் என்றால் மட்டுமே விலக்கு உண்டு. எதிர்த்தரப்பின் செலவும் அவர் தலையில் விழலாம். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குச் சென்றவர்களும் உள்ளனர்.

மூன்றாவது மாற்றம் 2021 மே 31 இல் நடைமுறைக்கு வந்தது. கழுத்து, முதுகு, தோள் ஆகியவற்றின் மென்திசுக் காயங்களுக்கு நிலையான கட்டண அட்டவணை வந்தது. வலி மூன்று மாதத்துக்குள் தீர்ந்தால் 240 பவுண்கள். 18 முதல் 24 மாதங்கள் நீடித்தால் 4,215 பவுண்கள். 2025 மே 31 முதல் நிகழும் விபத்துகளுக்கு இத்தொகைகள் சுமார் 15 வீதம் உயர்த்தப்பட்டுள்ளன. மருத்துவ அறிக்கை இல்லாமல் இத்தகைய கோரிக்கையைப் பணம் கொடுத்து முடிப்பதும் தடைசெய்யப்பட்டது. வாகனத்துக்குள் இருந்தவர்களுக்கே இந்த அட்டவணை பொருந்தும். பாதசாரிகள், சைக்கிள் மற்றும் மோட்டார் சைக்கிளில் சென்றோர் இதற்குள் வரமாட்டார்கள்.

சுமை இடம் மாறியது

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. வீதி விபத்துக் காயங்களுக்கான சிறுகோரிக்கை எல்லை 1,000 பவுண்களிலிருந்து 5,000 பவுண்களாக உயர்த்தப்பட்டது. இந்த எல்லைக்குள் வரும் கோரிக்கைகளில் வென்றாலும் சட்டத்தரணியின் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் பெற முடியாது. ஆகவே பலர் இணையத் தளம் ஒன்றின் ஊடாகத் தாமே விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் தடுமாறும் ஒரு தாய்க்கு, கழுத்து வலியோடு இந்தப் படிவங்களும் இன்னொரு சுமை.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான திருத்தத்தைத் தந்தது. கழுத்துக் காயத்தோடு முழங்கால் போன்ற வேறு காயமும் இருந்தால், அட்டவணைத் தொகையையும் மற்றைய காயத்துக்கான வழமையான இழப்பீட்டையும் கூட்டி, இரட்டிப்பாகும் பகுதியை மட்டும் கழிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அட்டவணை எல்லாவற்றையும் விழுங்கிவிடக் கூடாது என்பதை நீதிமன்றம் தெளிவாக்கியது.

பழைய காயம் உள்ளவர்

சிறிய மோதலில் பெரிய காயம் சாத்தியமில்லை என்று காப்புறுதி நிறுவனங்கள் அடிக்கடி வாதிடுவதுண்டு. எல்லா உடலும் ஒன்றல்ல. ஷெல் துண்டு இன்னும் கழுத்தில் இருப்பவருக்கு, முன்னரே முதுகெலும்பு பாதிக்கப்பட்டவருக்கு, ஒரு சிறு அதிர்ச்சியே படுக்கையில் தள்ளப் போதுமானது. ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு. தீங்கிழைத்தவர் பாதிக்கப்பட்டவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நீண்டகால விதி. ஆனால் இழப்பீடு கிடைப்பது விபத்து புதிதாக ஏற்படுத்திய அல்லது மோசமாக்கிய பகுதிக்கு மட்டுமே.

இங்கேதான் எமது மக்கள் சறுக்கும் இடம் உள்ளது. பழைய காயத்தைச் சொன்னால் கோரிக்கை பலவீனமாகும் என்று பயந்து சிலர் மறைக்கக்கூடும். போரைப் பற்றிப் பேசவே விரும்பாமல் சிலர் மௌனமாக இருக்கலாம். ஆனால் குடும்ப வைத்தியரின் பதிவேட்டிலும், அகதித் தஞ்சக் கோரிக்கைக்காகப் பெற்ற மருத்துவ அறிக்கையிலும் அந்தத் தழும்புகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம். மறைத்தது வெளிப்பட்டால் 57 ஆம் பிரிவு காத்திருக்கிறது. சொன்னால் பாதுகாக்கும் அதே பழைய காயம், மறைத்தால் முழுக் கோரிக்கையையும் கவிழ்த்துவிடக்கூடும்.

கோரிக்கை உங்கள் மீது வந்தால்

மிகைப்படுத்தப்பட்ட கோரிக்கையை எதிர்கொள்ளும் சாரதிக்கு ஆத்திரம் உதவாது, ஆதாரமே உதவும். விபத்து நடந்த இடத்திலேயே இரு வாகனங்களையும், சேதத்தையும், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் படமெடுத்து வையுங்கள். நேரம், வேகம், சொல்லப்பட்ட வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். சேதம் அற்பமாக இருந்தாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இங்கிலாந்தில் காயக் கோரிக்கை பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை வரலாம் என்பதால் எதையும் அழிக்காதீர்கள். கையில் காசு கொடுத்து முடிக்கும் ஆலோசனைக்கு இணங்காதீர்கள். மற்றவர் பொய்யர் என்று நீங்களே முடிவுகட்டி அவரது வீடு தேடிப் போகவும் வேண்டாம்; வலியை ஆராய்வது வைத்தியரின் வேலை.

தெரிந்தவர் என்பதற்காகக் காரில் இல்லாத நீங்கள் இருந்ததாகப் பெயர் கொடுப்பதும், பார்க்காத விபத்துக்குச் சாட்சி சொல்வதும் உதவியல்ல. அது குற்றம்.

தாயகத்தில் நிலைமை வேறு

இலங்கையில் இத்தகைய அட்டவணை எதுவுமில்லை. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. நட்டஈட்டு வழக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்பட வேண்டும். நடைமுறையிலோ பல சிறு விபத்துகள் பொலிஸ் நிலைய மேசையிலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே சத்தம் போடுபவர் அதிகம் பெறுகிறார். சைக்கிளில் வந்த கூலித் தொழிலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார். கையொப்பமிடுவதற்கு முன் வைத்தியசாலையில் பதிவு செய்து, மருத்துவ அறிக்கை பெறுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

2018 இல் உருவாக்கப்பட்ட இழப்பீடுகளுக்கான அலுவலகத்தின் முன் தமது இழப்பை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டிய நிலையில் உள்ள மக்கள் நாம். "உண்மையாகத்தான் காயப்பட்டாயா?" என்ற கேள்வி எமக்குப் புதியதல்ல. ஒரு பொய்க் கழுத்து வலி காப்புறுதி நிறுவனத்துக்கு ஏற்படுத்தும் நட்டம் எல்லோருடைய கட்டணத்திலும் பகிரப்பட்டுவிடும். ஆனால் அடுத்ததாக உண்மையான வலியோடு அதே மேசைக்கு வருபவர் சந்திக்கும் சந்தேகத்தை அவர் தனியாகத்தான் சுமக்க வேண்டும்.