படைக்கலங்களுக்குத் தமிழ்ப்பெயர் எங்கே?

சங்கரன்கோவில் தேரடியில், விளக்கேற்றும் நேரத்தில், அடைத்துக் கிடக்கும் கடையொன்றின் திண்ணையில் நான்கு பிள்ளைகள் நாள்தோறும் கூடுவர். இருவர் என்னிடம் தமிழ் பயின்றவர். இருவர் இன்னும் பயில்பவர். நால்வர் கையிலும் கைப்பேசி. நால்வர் கண்ணும் அதன்மேலேயே. ஒருநாள் அவ்வழியே நடந்துபோன என் செவியில் வீழ்ந்த அவர்தம் போர்க்கூச்சலை உள்ளவாறே ஈண்டுத் தருகின்றேன்.

“ஏலே, லெப்டுல ஒருத்தன் நிக்கான்! நேடு போடுலே! கவர் குடு, கவர் குடு! நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுலே!”

தமிழ் நெஞ்சங்களே, சினங் கொள்ளற்க. யானும் முதற்கண் சினந்தவனே. ஆயின் வீட்டிற்கு வந்து, அவ்வுரையைத் தாளில் எழுதி, வகுப்பிற் சொற்றொடரைப் பிரித்துக் காட்டுமாறுபோற் பிரித்துப் பார்த்தேன். நிக்கான், போடு, குடு, ஆயிட்டேன், பண்ணு: வினைகள் அனைத்தும் தமிழ். கொச்சையேயெனினும் நம் நெல்லைச் சீமையின் உயிருள்ள தமிழ். லெப்டு, நேடு, கவர், நாக், ரிவைவ்: இவை அனைத்தும் அயல். ‘ஒருத்தன்’ என்னும் ஒன்றே தப்பிப் பிழைத்த தமிழ்ப்பெயர். அப் போர்க்களம் முழுமையிலும் பகைவன் ஒருவனே தமிழனாக நிற்கின்றான். அவனுக்கும் பெயரில்லை, ‘ஒருத்தன்’ அவ்வளவே!

வினை நம்முடையதாக நிற்கப் பெயர்களை மட்டும் பறிகொடுத்திருக்கின்றோம். இஃது ஒருவகையில் நற்செய்தி. வினை போய்விட்ட மொழியை மீட்டல் அரிது. பெயர் போன இடத்திற் பெயரை வைத்தல் அத்துணை அரிதன்று.

அவர்கள் ஆடும் ஆட்டம் ‘பப்சி’ என்னும் சுடுவிளையாட்டு. கொரிய நாட்டுக் குழும்பு ஒன்றின் ஆக்கம். நூற்றுவர் வானூர்தியினின்று ஒரு தீவிற் குதித்து, ஆங்காங்குக் கிடக்கும் படைக்கலங்களைப் பொறுக்கி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். இறுதியில் எஞ்சும் ஒருவனோ ஓரணியோ வென்றதாகும். இந்திய அரசு 2020இல் இதனைத் தடுத்தது. 2021இல் ‘பேட்டில்கிரவுண்ட்சு மொபைல் இந்தியா’ என்னும் பெயரில் மீண்டும் வந்தது. 2022இல் விலக்கப்பட்டது, 2023இல் மறுபடியும் வந்தது. தடுப்பதும் விடுப்பதுமாக அரசு ஆடிய ஆட்டத்தில் திண்ணைப் பிள்ளைகள் ஒருநாளும் ஓய்ந்திலர். கொலையாட்டத்தை ஒழிக்காமல் அதற்குத் தமிழ்ப்பெயர் தேடுவதா என்று வினவும் அன்பர்கட்கு என் விடை இதுதான்: ஒழித்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதுவரை பிள்ளையின் நா என் பொறுப்பு.

‘ஏ.கே.எம்.’, ‘கார் 98’, ‘எம் 416’, ‘ஏ.டபிள்யூ.எம்.’ என அப்பிள்ளைகள் படைக்கலப் பெயர்களை அடுக்கும் விரைவைக் கேட்டால், நிகண்டினை நெட்டுருச் செய்த பண்டைத் திண்ணைப்பள்ளி மாணாக்கர் நினைவிற்கு வருவர். இவற்றின் பொருள் யாதென வினவினேன். ஒருவற்கும் தெரிந்திலது. தேடிப் பார்த்து வியந்தேன். ‘ஏ.கே.’ என்பது உருசிய மொழியில் ‘கலாசுனிக்கோவின் தானியங்கி’ என்பதன் முதலெழுத்துகள். ஆக்கியோன் பெயரும் பொருளின் தன்மையும், அவ்வளவே. ‘கார் 98’ என்பது செருமானிய மொழியில், 1898ஆம் ஆண்டு வகையினின்று வந்த குறுந்துமுக்கி என்று பொருள்படுவதன் சுருக்கம். ‘ஏ.டபிள்யூ.’ என்பது ஆங்கிலத்திற் பனிநிலப் போர் என்பதன் சுருக்கம். நம் பிள்ளைகட்கு மறைமொழிபோல் ஒலிக்கும் இவையெல்லாம் அவ்வந் நாட்டார்க்குக் கடைத்தெருச் சொற்கள்! உருசியன் தன் தாய்மொழியிற் சுடுகின்றான்; செருமானியன் தன் தாய்மொழியிற் சுடுகின்றான்.

நம் நிலை என்ன? ‘துப்பாக்கி’ துருக்கியச் சொல்லின் திரிபு. ‘பீரங்கி’ பரங்கியன் வழி வந்தது. ‘தோட்டா’ இந்துத்தானி. அயற்சொல்லென்றே அறியாமல் இவற்றைத் தமிழென நம்பி எழுதிவருகின்றோம். ‘துமுக்கி’ என்று நாம் ஆக்கி வைத்த சொல் நம் இதழ்களைத் தாண்டிச் செல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இத்தனைக்கும் நாம் இருப்பது எந்த மண்? இவ்வூர்க்கு அணித்தே நெற்கட்டும்செவல். 1755இல் ஆங்கிலப் படைத்தலைவன் எரோன் அக்கோட்டையை முற்றியும் கொள்ள இயலாது திரும்பினான். அதன் தலைவர் பூலித்தேவர் இறுதியில் எம்மூர்க் கோயிலுள் புகுந்து மறைந்தார் என்று இன்றும் இடங்காட்டி உரைப்பர். அக்காலத்துத் தென்னாட்டு மறவர் கையிலிருந்த எறிபடை ‘வளரி’. சின்ன மருதுவிடம் அதனை எறியக் கற்றுக்கொண்ட வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவன் 1830இல் வெளியிட்ட தன் நினைவுநூலில் அதனைக் ‘கள்ளரி தடி’ என்று பொருள்படத் தன் மொழியிற் குறித்தான். மருதிருவர் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டிலேயே, தென்னாட்டார் படைக்கலம் ஏந்தலாகாதென ஆங்கிலக் கும்பணியார் அறிக்கை விடுத்தனர். கையினின்று கருவி போயிற்று. பின்னர் நாவினின்று பெயரும் போயிற்று. அண்மையில் ஒரு மாணவனிடம் வளரி யாதெனக் கேட்டேன். “தமிழ்ப் பூமராங்கு ஐயா” என்றான்! ஆத்திரேலியப் பழங்குடியார் படைக்கலத்தின் பெயரைக் கடன்வாங்கித் தன் பாட்டன் படைக்கலத்தை அவன் அடையாளங் காட்டவேண்டியிருக்கின்றது.

அயலார் சிலர் நம்மினும் விழிப்பாயிருக்கின்றனர். ‘ஏச் ஆப் எம்பயர்சு’ என்னும் பெயர்பெற்ற போராட்டத்தின் இரண்டாம் தொகுதிக்கு 2022இல் வந்த விரிவாக்கத்திற் ‘திராவிடர்’ என்றோர் இனம் சேர்க்கப்பட்டது. அவ்வினத்தின் தனிப்படை, உறுமி என்னும் சுருள்வாள் ஏந்திய மறவர். அவர்களைச் சொடுக்கினால் தமிழில் விடையிறுக்கின்றனர். ஆக்கியோர் மேலை நாட்டார். ஈட்டும் பொருள் அவர்க்கே. எனினும் சென்னையிற் கணினித்துறையில் இருக்கும் என் பழைய மாணவர் அதனை இயக்கிக் காட்டியபோது, திரைக்குள்ளிருந்து எழுந்த அத் தமிழ்க்குரல் கேட்டு என் கண் பனித்தது. நாணத்தாலா மகிழ்ச்சியாலா என்று பிரித்தறியக் கூடவில்லை.

படைக்கலம் இருக்க, பகைவர் கதையைக் கேளுங்கள். இவ்வாட்டங்களிற் பகைவர் சிலர் ஒருமுறை வந்து மறைவதில்லர். ஆட்டந்தோறும், ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவர். சப்பானியர் 1985இல் ஆக்கிய ‘சூப்பர் மாரியோ’ ஆட்டத்தின் முதற்பகைவன் கட்டைக்கால் கொண்ட பழுப்பு நிறத்தான். நாற்பதாண்டுகளாக மிதிபட்டுக்கொண்டே இருக்கின்றான். உலகம் அவனைக் ‘கூம்பா’ என்னும். சப்பானியரோ ‘குரிபோ’ என்பர். குரி என்பது அவர்கள் ஊர்க் காட்டில் விளையும் ஒரு கொட்டையின் பெயர். மற்றொரு பகைவனாகிய ஆமைக்கு ‘நோகோநோகோ’ என்று பெயர். கவலையின்றி அசைந்து வருதலைக் குறிக்கும் அவர்தம் இரட்டைக்கிளவி! 1980இல் வந்த ‘பேக்மேன்’ ஆட்டத்தின் பெயரும் அத்தகையதே. வாய் நிறையத் தின்னும் ஒலிக்கு அவர்கள் சொல் ‘பக்கு பக்கு’. நாம் மொக்கு மொக்கென்று தின்றான் என்போமன்றோ, அதுதான். அவ்வாட்டத்தில் துரத்திவரும் நான்கு பேய்களுக்கும் இயல்பு நோக்கிச் சப்பானிய மொழியிற் பெயரிட்டனர்: ஒன்று துரத்துவது, ஒன்று பதுங்கி மடக்குவது, ஒன்று மனம்போனபடி திரிவது, ஒன்று ஏதுமறியாததுபோல் நடிப்பது. தமிழாசிரியன் ஒருவன் மகிழ்ந்து மகிழ்ந்து செய்யத்தக்க பணியன்றோ இது!

ஈண்டு உன்னத்தக்கது ஒன்றுண்டு. ஆங்கிலர் ‘குரிபோ’வை அப்படியே விழுங்கினாரல்லர். தம் மக்கள் நாவிற்கேற்பக் ‘கூம்பா’ எனப் பெயர் மாற்றிக்கொண்டனர். பேய்கள் நான்கிற்கும் தம் மொழியிற் செல்லப்பெயரிட்டனர். அவர்கள் செய்தது மொழியுணர்ச்சி; அதனையே நாம் செய்தால் மொழிவெறியாம்!

திரும்பத் திரும்ப வரும் பகைவன் நமக்குப் புதியவனுமல்லன். பழங்கதையென்று தள்ளுவோர் தள்ளுக. திருச்செந்தூர்க் கடற்கரையில் ஆண்டுதோறும் சூரன் வருகின்றான். யானைமுகத்தோடு வந்து வீழ்கின்றான். அரிமாமுகத்தோடு வந்து வீழ்கின்றான். தன்முகத்தோடும் வந்து வீழ்கின்றான். அடுத்த ஆண்டும் வருகின்றான். வீழ்ந்த பகைவன் மயிலும் சேவலுமாகி வென்றவனோடே இருந்துவிடுகின்றான் என்பது அக்கதையின் முடிவு. மாரியோவின் ஆமைக்கு அப்பேறு இல்லை.

மறுநாளே திண்ணைக்குச் சென்றேன். “தம்பி, ‘நேடு’ என்னாதே, ‘கையெறி குண்டு’ என்று கூவு” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். எட்டாம் வகுப்பிற் பயிலும் சிறியவன் பணிவோடுதான் சொன்னான்: “ஐயா, கையெறி குண்டுன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள நான் செத்துருவேன்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ‘நேடு’ இரண்டெழுத்து, ‘கையெறி குண்டு’ ஆறெழுத்து. ஆட்டத்தில் அவனுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு. ஈழத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர் முன்பு சொன்னதும் அப்போது நினைவிற்கு வந்தது. செய்தித்தாளும் வானொலியும் ‘எறிகணை’, ‘பதுங்குகுழி’ என்று அழகிய தமிழில் உரைத்தனவாம். ஆயின் வானில் அது இரைந்து வரும்போது தாயொருத்தி தன் பிள்ளையை நோக்கி, “செல் வருது, பங்கருக்குள்ள ஓடு” என்றே கூவினாளாம். அவளுக்கு அது விளையாட்டன்று. அவளைக் குறைகூறுவோன் தமிழறியான், மாந்தரையும் அறியான்.

குறை எங்குளது? சொல்லாக்கும் நம்மிடத்தே உளது. பல்லாண்டுகட்கு முன் ஒரு சொல்லாக்கக் கூட்டத்திற் ‘சினைப்பர்’ என்பதற்கு யான் முன்மொழிந்த சொல் ‘தொலைவுக்குறி பார்த்துச் சுடுநர்’. அனைவரும் கைதட்டினர், யானும் பெருமிதத்தோடு அமர்ந்தேன். சொல்லை ஆக்குகின்றோமென்று விளக்கவுரையை ஆக்கினோம். ஏட்டில் எழுதுவார்க்காக ஆக்கினோம். களத்திற் கூவுவார்க்காக ஆக்கினோமல்லோம்.

நம் முன்னோர் அவ்வாறு செய்திலர். வேல், வாள், வில், கணை, மழு, எல்லாம் இரண்டெழுத்து. எஃகு, அயில், கவண், மூன்றெழுத்து. மதுரை மதில்மேலிருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் அடுக்கிச் சொல்லும். குரங்குபோல் இருந்து நெருங்கினாரைக் கடிக்கும் பொறி ஊகம். மீன்கொத்திபோற் பாய்ந்து தாக்கும் பொறி சிரல். உடல்கிழிக்கும் மற்றொன்று பன்றி. விலங்கின் பெயரையும் பறவையின் பெயரையும் எடுத்துப் பொறிக்கு வைத்துவிட்டனர். அடைமொழி வேண்டுமாயின் புலவன் பாட்டிற் சேர்த்துக்கொள்வான்; மதில்மேல் நின்றவனுக்குச் ‘சிரல்’ போதும். இவற்றிற்கெல்லாம் சிகரமாக, அம்பிற்குத் தமிழன் இட்ட பெயர்களுள் ஒன்று ‘ஏ’. ஓரெழுத்து! அம்பெய்ய மதிலில் விட்ட துளை ஏப்புழை. வில்லினின்று அம்பு விடுபடும் நேரமும் அச்சொல் வாயினின்று விடுபடும் நேரமும் ஒன்றே.

ஆகலின் மீண்டும் திண்ணைக்குப் போனேன். இம்முறை கற்பிக்கவன்று, கேட்டறிய. ‘நேடு’க்கு ‘வெடி’ என்றேன். “வெடி போடுலே” என்று ஒருவன் கூவிப் பார்த்தான், நன்றாயிருக்கின்றதென்றான். ‘கவர்’ என்பதற்குக் ‘காப்பு’ ஏற்கப்பட்டது. ‘நாக்’ ஆனவன் ‘சாஞ்சிட்டேன்’ என்றால் போதுமென்று அவர்களே முடிவு செய்தனர். ‘லூட்டு’க்குச் சங்கச்சொல்லாகிய ‘கொண்டி’யை ஆசையோடு தந்தேன், சிரித்தார்கள். யானும் வற்புறுத்தவில்லை. ‘ரிவைவ்’ என்பதற்கு ‘எழுப்பு’ என்று யான் சொல்ல, சிறியவன் “தூக்கிவிடுலே”ன்னா என்ன ஐயா என்றான். வீழ்ந்தவனைத் தூக்கிவிடுதல்! ஓரெழுத்து மிகினும் என் சொல்லினும் அவன் சொல் சிறந்தது. அவனுக்கு நாவிலிருந்து வந்தது. எனக்கு ஏட்டிலிருந்து வந்தது. ‘ஸ்கோப்’ என்பதற்கு யான் தந்த ‘நோக்கு’ இன்னும் ஐயத்தில் இருக்கின்றது.

ஒரு கிழமை சென்று அவ்வழியே போனேன். ‘வெடி’ சிலமுறை ஒலித்தது, ‘நேடு’ம் ஒலித்தது. என்னைக் கண்டதும் ‘நேடு’ குறைந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். சிறியவன் எழுந்துவந்து, கணக்கேட்டிற் கிழித்த தாளொன்றைக் கையில் தந்தான். அதில் ஏழு சொற்களை எழுதித் தமிழ் கேட்டிருந்தான். ஐந்திற்கு விடை எழுதிவிட்டேன். வானிலிருந்து பெட்டி இறங்கும் ‘ஏர் டிராப்பு’க்கும், பக்கவாட்டிற் சுற்றிவந்து தாக்கும் ‘பிளாங்கு’க்கும் இன்னும் சொல் அமையவில்லை. அன்பர்கள் இதழ் முகவரிக்கு எழுதுக, மூன்றெழுத்திற்கு மிகாமல்.